குடும்ப வைத்தியரின் அறிக்கையும் ஆளணிப் பிரிவின் கோவையும்: திருகோணமலையிலிருந்து ஒரு திறந்த மடல்

திருகோணமலை மாவட்டத்துத் தனியார் தொழிலகங்களின் ஆளணி முகாமையாளர்களுக்கும், நகரிலும் கிண்ணியா, மூதூர், தம்பலகாமம், கந்தளாய், குச்சவெளிப் பகுதிகளிலும் நோயாளரைப் பார்வையிடும் குடும்ப வைத்தியர்களுக்கும்,

மதிப்புக்குரியீர், வணக்கம்.

நான் இம்மாவட்டத்திலுள்ள ஒரு தனியார் களஞ்சியத்தின் ஆளணிப் பிரிவில் 1996 முதல் 2019 வரை எழுதுவினைஞராகக் கடமையாற்றி ஓய்வுபெற்றவன். ஓர் ஊழியர் ஒரு வாரத்துக்கு மேல் சுகவீனமாக நின்றாலோ, சத்திரசிகிச்சை முடித்து வேலைக்குத் திரும்பினாலோ, 'இவருக்கு ஏதோ வருத்தம் போல இருக்கிறது' என்று மேற்பார்வையாளர் ஒருவர் வந்து சொன்னாலோ, அவருடைய குடும்ப வைத்தியரிடம் அறிக்கை கேட்டுக் கடிதம் அனுப்புவது என் கடமைகளில் ஒன்றாக இருந்தது. அக்கடிதத்தின் மாதிரியை நானே தயாரித்தேன். அதன் மையமான வாக்கியம் இது: 'மேற்படி ஊழியரின் நோய், அதன் காரணம், பெற்ற சிகிச்சை, முன்னைய நோய்கள் ஆகியவற்றின் முழு விவரங்களையும் எமக்குத் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.' ஆளின் பெயரையும் திகதியையும் மட்டும் மாற்றி அதே கடிதத்தை எத்தனை முறை அனுப்பினேன் என்பதற்கு என்னிடம் கணக்கில்லை. அந்த வாக்கியம் எத்தகையது என்பதை எனக்குக் கற்பித்த ஒரு சம்பவத்தை முதலில் எழுதிவிடுகிறேன். அந்த நிறுவனத்தையோ வைத்தியரையோ பெயர் சொல்லிக் குறிப்பிடும் நோக்கம் எனக்கில்லை, ஏனெனில் அதில் முதற் பிழை என்னுடையது.

களஞ்சியத்தில் போர்க்லிஃப்ட் ஓட்டிய ஒருவரை நாங்கள் எல்லோரும் 'நானா' என்றே அழைப்போம். கிண்ணியாப் பக்கத்தவர். வேலையில் ஒரு பலகைத் தட்டைக்கூடச் சரித்ததில்லை. ஒரு மாரிகாலத்தில் அவர் காய்ச்சலால் ஒன்பது நாள் வரவில்லை, நான் வழமைபோல் கடிதம் அனுப்பினேன். இருபது வருடமாக அவரைப் பார்த்து வந்த வைத்தியர், கேட்ட கேள்விக்கு நேர்மையாக, கேட்ட அளவுக்கு முழுமையாக விடை எழுதினார். காய்ச்சல் மாறிவிட்டது என்பது அதில் ஒரு வரி. ஆறு வருடமாக நீரிழிவு இருப்பது மற்றொரு வரி. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு உறக்கமின்மைக்கும் மனச்சோர்வுக்கும் ஏறக்குறைய ஒரு வருடம் மருந்து எடுத்தார் என்பது இன்னொரு வரி. அந்தக் கடலலை கிண்ணியாவில் எத்தனை வீடுகளைக் கொண்டுபோனது என்பதை அறிந்த எவருக்கும், அந்த வருடத்தில் உறங்க முடியாமற்போனது ஒரு மனிதனின் குறையாகத் தெரியாது. ஆனால் அறிக்கை ஒட்டாத உறையில் வந்தது, நான் அதை அவருடைய தனிப்பட்ட கோவையில் துளையிட்டுச் சேர்த்தேன், கோவை பூட்டில்லாத அலுமாரியில் இருந்தது. வேறெதையோ தேடி வந்த ஒருவர் அதை வாசித்தார். ஒரு கிழமைக்குள் நானாவுக்குப் பின்னால் ஒரு பட்டப்பெயர் உலவியது. 'பாதுகாப்புக் கருதி' அவர் போர்க்லிஃப்டிலிருந்து இறக்கப்பட்டு மூட்டை எண்ணும் வேலைக்கு மாற்றப்பட்டார், அதோடு மேலதிக நேரக் கொடுப்பனவும் போயிற்று. அந்த முடிவை எடுக்குமுன் எந்த வைத்தியரிடமும் எவரும் ஒரு சொல் கேட்கவில்லை.

அவர் என் மேசைக்கு வந்து நின்று, "தம்பி, காய்ச்சலுக்குத்தானே நீங்க துண்டு கேட்டது?" என்றார். நான் விடை சொல்லவில்லை. நான்கு மாதத்தில் அவர் விலகிச் சென்றுவிட்டார்.

இன்று நான் இளைப்பாறிய நோயாளி. என் கிளினிக் கொப்பியை ஒரு பொலித்தீன் பையில் சுற்றிக்கொண்டு மாதம் ஒருமுறை வரிசையில் அமரும்போது, அந்தக் கொப்பியின் எத்தனை பக்கங்களை என் பழைய முகாமையாளர் வாசிப்பதற்கு நான் சம்மதிப்பேன் என்று எண்ணிப் பார்ப்பதுண்டு. அதனால்தான் இந்த மடல்.

அறிக்கையே கேட்கக்கூடாது என்பது என் வாதமன்று. துறைமுகத்தைச் சுற்றியுள்ள ஆலைகளிலும் எண்ணெய்த் தாங்கித் தளங்களிலும், புல்மோட்டைப் பக்கத்துக் கனிய மணல் வேலையிலும், நிலாவெளி உப்புவெளி விடுதிகளின் சமையலறைகளிலும், உடலுக்கும் வேலைக்கும் உள்ள பொருத்தத்தை யாராவது பார்த்தே ஆகவேண்டும். வலிப்பு உள்ள ஒருவரை உயரத்தில் ஏற்றுவதும், இன்சுலின் ஏற்றிக்கொள்பவரை நேரத்துக்கு உணவு கிடைக்காத இரவு முறையில் போடுவதும் அவருக்கும் ஆபத்து, பக்கத்தில் நிற்பவருக்கும் ஆபத்து. இதைத் தீர்மானிக்க வைத்தியரின் அறிவு வேண்டும். ஆனால் தொழிலகம் தெரிந்துகொள்ள வேண்டியது நோயின் பெயரை அன்று, அந்த மனிதர் இந்த வேலையைச் செய்யலாமா, எந்த மாற்றத்தோடு செய்யலாம், எவ்வளவு காலத்துக்கு என்பதையே. நாங்கள் கேட்டது முதலாவதை, முடிவெடுத்தது இரண்டாவதைப் பற்றி. இடையிலிருந்த தூரத்தை எங்கள் ஊகத்தால் நிரப்பினோம்.

ஆளணி முகாமையாளர்களே, உங்களிடம் முதலில் ஒன்று கேட்கிறேன். வைத்தியருக்கு நீங்கள் அனுப்பும் கடிதத்தில் அந்த ஊழியர் செய்யும் வேலை பற்றி ஒரு வரியாவது இருக்கிறதா? எங்கள் கடிதத்தில் பதவிப் பெயர் மட்டும் இருந்தது. 'தொழிலாளி, தரம் மூன்று' என்பதைப் பார்த்து ஒரு வைத்தியர் என்ன விளங்கிக்கொள்வார்? ஆகவே அவர் தெரிந்த ஒரே விடையை எழுதுவார்: இரண்டு வாரத்துக்கு இலகு வேலை. எங்கள் ஊர் வழக்கில் லைட் டியூட்டி. அந்தத் துண்டோடு வந்து நிற்பவரைப் பார்த்து மேற்பார்வையாளர், 'இங்கே அப்படியொரு வேலை இல்லை, சுகமானபின் வா' என்று திருப்பி அனுப்புவார். சம்பளமற்ற விடுமுறையில் வீட்டிலிருப்பதைவிட வலியோடு வேலை செய்வது மேல் என்று எண்ணும் அந்த மனிதர், மறுநாள் வைத்தியரிடம் போய்ப் பூரண சுகம் என்று எழுதி வாங்கிவருவார். முதுகு வலிக்காக ஓய்வு கேட்டவர் மூன்றாம் நாள் மீண்டும் 50 கிலோ சீமெந்துப் பையைத் தோளில் ஏற்றுவார். இந்தச் சுற்றில் வைத்தியரும் பொய் சொல்லவில்லை, மேற்பார்வையாளரும் பொய் சொல்லவில்லை. ஒருவருக்கு மற்றவரின் உலகம் தெரியாது, அவ்வளவுதான்.

வேலையை விவரித்து எழுதுவதற்கு அரைப் பக்கம் போதும். ஒரு முறையில் எத்தனை மூட்டை, ஒவ்வொன்றும் எத்தனை கிலோ, தரையிலிருந்து தூக்குவதா தோளிலிருந்து இறக்குவதா, ஏணி உண்டா, எவ்வளவு உயரம், தூசு எத்தகையது, இரவு முறை கிழமைக்கு எத்தனை நாள், மலசலகூடம் எவ்வளவு தூரம், தண்ணீர் குடிக்க எத்தனை தடவை நிறுத்தலாம். கடைசி இரண்டும் அற்பமாகத் தோன்றலாம். கச்சான் காற்று வீசும் ஆடி, ஆவணியில் தகரக் கூரையின் கீழ் நின்று பாருங்கள். சிறுநீரகத்தில் கல் உள்ளவருக்கும், நீர் வெளியேற்றும் மாத்திரை எடுக்கும் இரத்த அழுத்தக்காரருக்கும் அந்த இரண்டு வரிகள்தான் வேலையா வீடா என்பதைத் தீர்மானிக்கும். இவ்வளவையும் எழுதி அனுப்பினால், வைத்தியர் இலகு வேலை என்று எழுதமாட்டார். பத்துக் கிலோவுக்கு மேல் மூன்று வாரம் தூக்கவேண்டாம், மற்றெல்லாம் செய்யலாம் என்று எழுதுவார். மேற்பார்வையாளரால் நடைமுறைப்படுத்தக்கூடியது அதுதான்.

அடுத்தது சம்மதம். நியமனக் கடிதம் கொடுக்கும் நாளில், பத்துப் பன்னிரண்டு தாள்களோடு சேர்த்து, 'எனது மருத்துவ விவரங்களை எந்நேரத்திலும் பெற நிறுவனத்துக்கு அனுமதியளிக்கிறேன்' என்ற ஒரு தாளிலும் கையொப்பம் வாங்குவது எங்களிடம் வழக்கமாக இருந்தது. வேலை கிடைத்த மகிழ்ச்சியில் இருக்கும் இருபத்திரண்டு வயதுப் பிள்ளை அந்த நேரத்தில் எதிலும் கையொப்பமிடும். பதினைந்து வருடங்களுக்குப் பிறகு வரப்போகும் ஒரு நோய்க்கு அன்று தரப்பட்ட கையொப்பத்தைச் சம்மதம் என்று நான் இப்போது கருதுவதில்லை.

இந்த விடயத்தில் பிரித்தானியா 1988இல் ஒரு சட்டம் செய்தது. தொழில் தருநரோ காப்புறுதி நிறுவனமோ, ஒருவருக்குச் சிகிச்சையளித்த வைத்தியரிடம் அறிக்கை கேட்பதானால், முதலில் அந்த மனிதருக்கு அறிவித்து, அவருடைய உரிமைகளைச் சொல்லி, எழுத்தில் சம்மதம் பெறவேண்டும். அறிக்கை அனுப்பப்படுமுன் அதைப் பார்க்க விரும்புகிறேன் என்று அவர் சொல்லலாம், அப்படிச் சொன்னால் பார்ப்பதற்கு அவருக்கு 21 நாள் உண்டு. பிழையென்றோ திசைதிருப்புவதென்றோ அவர் கருதும் பகுதியைத் திருத்தும்படி எழுத்தில் கேட்கலாம், வைத்தியர் உடன்படாவிட்டால் தன் கூற்றை அறிக்கையோடு இணைக்கும்படி கோரலாம், இறுதியில் அனுப்பவே வேண்டாம் என்றும் சொல்லலாம். வைத்தியர் பிரதியொன்றை ஆறு மாதமாவது வைத்திருக்கவேண்டும். வாசிப்பதால் அந்த நோயாளியின் உடலுக்கோ மனதுக்கோ கடுமையான தீங்கு நேருமென்றால் அந்தப் பகுதியை மட்டும் அவருக்குக் காட்டாமல் விடலாம் என்ற விலக்கும் அதில் உண்டு. இந்தச் சட்டம் இங்கே செல்லாது. ஆனாலும், அறிக்கையின் முதல் வாசகர் யாரைப் பற்றி எழுதப்பட்டதோ அவரே என்ற ஏற்பாட்டுக்கு நமக்குச் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. அன்று நானா அந்தத் தாளை என்னைவிட முன்னதாக வாசித்திருந்தால், 'டொக்டர், இந்தக் கடைசி வரி காய்ச்சலுக்கு எதற்கு?' என்று ஒரு கேள்வி கேட்டிருப்பார், வைத்தியரும் அதை வெட்டியிருப்பார்.

நமது நாட்டிலும் ஒன்றுமே இல்லை என்று சொல்லமுடியாது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், உடல்நலம் பற்றிய தரவைச் சிறப்பான பாதுகாப்புக்குரிய வகையில் சேர்த்திருக்கிறது. அதன் முக்கிய பகுதிகளின் நடைமுறை தள்ளிப்போனது என்பதைக் காரணங்காட்டி அலுமாரியைத் திறந்துவைத்திருக்க வேண்டியதில்லை. சர்வதேசத் தொழில் தாபனத்தின் 1985ஆம் ஆண்டு 161ஆம் இலக்கச் சமவாயத்தின் 15ஆவது உறுப்புரை இன்னும் நேரடியானது: தொழில்சார் சுகாதார சேவையில் இருப்போரைக் கொண்டு, ஊழியர் வேலைக்கு வராத காரணம் உண்மையா என்று சரிபார்க்கும்படி தொழில் தருநர் கேட்கக்கூடாது என்கிறது அது. சுகாதாரத்துக்காகக் கேட்கும் அறிக்கை வேறு, ஒழுக்காற்று விசாரணைக்காகக் கேட்கும் அறிக்கை வேறு என்பதே அதன் கருத்து. நான் அனுப்பிய கடிதங்கள், சொல்லப்போனால், இரண்டாவது வேலையை முதலாவதின் பெயரில் செய்தன.

இங்கே நீங்கள் எழுப்பப்போகும் தடை எனக்குத் தெரியும், ஏனெனில் கூட்டங்களில் நானே அதை எழுப்பியிருக்கிறேன். காசுக்கு மெடிக்கல் (வைத்தியச் சான்றிதழ்) விற்கப்படுகிறதே, விவரம் கேட்காவிட்டால் அதை எப்படிப் பிடிப்பது? உண்மைதான். புதுவருடத்துக்கும் பெருநாளுக்கும் மறுநாள் ஒரே கையெழுத்தில் நான்கு துண்டுகள் வந்ததை நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் விற்கும் ஒருவருக்கு 'வைரஸ் காய்ச்சல்' என்று எழுதுவதும் ஒரு பக்க நோய் வரலாறு எழுதுவதும் ஒரே விலைதான். விவரம் கேட்டதால் பிடிபட்ட போலித் துண்டு ஒன்றையேனும் இருபத்துமூன்று வருடத்தில் நான் கண்டதில்லை. சந்தேகம் இருந்தால், இந்தச் சான்றிதழை இன்ன திகதியில் வழங்கியது தாங்கள்தானா என்று மட்டும் வைத்தியரிடம் கேளுங்கள். அதற்கு நோயின் பெயர் தேவையில்லை. இன்னொன்றையும் மறக்கவேண்டாம். கடை, காரியாலய ஊழியர் 1954ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் வருடத்துக்கு 7 நாளைச் சுகவீனத்துக்கோ சொந்த அலுவலுக்கோ எடுக்கலாம். ஆலைத் தளத்தில் நிற்கும் பலருக்கு அந்த ஏற்பாடும் இல்லை. லீவு கேட்க வேறு வழியில்லாதவனுக்கு மெடிக்கல்தான் வழி என்று நாமே ஆக்கிவைத்துவிட்டு, அதை அவன் வாங்கியதற்காக எல்லோருடைய உடலையும் சோதிப்பது எந்த வகையில் நியாயம்?

வைத்தியர்களே, இனி உங்களிடம் சில சொற்கள். மாலை நான்கு மணி தொடக்கம் இரவு ஒன்பது மணிவரை வாங்கு நிறைய ஆட்கள் காத்திருக்க, நடுவில் ஒரு நிறுவனத்தின் கடிதத்துக்குப் பதில் எழுதும் உங்கள் சிரமத்தை நான் அறிவேன். உங்களில் பலரிடம் நோயாளியின் பழைய பதிவுகூட இல்லை, நோயாளி கொண்டுவரும் கொப்பியும் நோய் நிர்ணய அட்டையும்தான் உங்கள் பதிவேடு. ஆயினும் நிறுவனத்தின் கடிதத் தலைப்பைப் பார்த்தவுடன் அதைக் கட்டளையாகக் கொண்டு முழுவதையும் எழுதிக் கொடுத்துவிடும் வழக்கத்தை நிறுத்துங்கள். உங்களுக்கு முன்னால் இருப்பவர் உங்கள் நோயாளி. கேள்வி அளவுக்கு மீறியதாக இருந்தால், 'வேலைத் தகைமை பற்றிய கேள்விக்கு மட்டும் விடையளிக்கிறேன்' என்று ஒரு வரியில் மறுக்க உங்களுக்கு அதிகாரம் உண்டு. பியோனின் கையில் ஒட்டாத உறையைக் கொடுக்காதீர்கள். நோயாளி வண்டி ஓட்டுவது மற்றவரின் உயிருக்கு ஆபத்து என்ற நிலை வந்தால், அதை அவரிடமே முதலில் சொல்லி, அவரையே முகாமையாளரிடம் அனுப்பி வைக்கப் பாருங்கள். இருபது வருடம் அறிந்த வைத்தியர் சொன்னால் நம்மவர்கள் கேட்பார்கள்.

மொழியையும் சொல்லியாகவேண்டும். உங்கள் அறிக்கை ஆங்கிலத்தில், பெரும்பாலும் வாசிக்கமுடியாத கையெழுத்தில். நிறுவனத்தின் படிவமும் ஆங்கிலத்தில் அல்லது சிங்களத்தில். அறிக்கைக்கு உரியவர் தமிழில் மட்டும் வாசிப்பவர். இம்மாவட்டத்தில் மூன்று மொழியும் பேசும் தெருக்கள் இருக்கின்றன, ஆனால் ஒரு மனிதன் தன் நோயைப் பற்றி எழுதப்பட்டதை வாசிக்க அடுத்த வீட்டு ஆசிரியரைத் தேடிப் போகவேண்டியிருக்கிறது. அப்போதே இரகசியம் இரண்டு வீட்டுச் சொத்தாகிவிடுகிறது. முழு அறிக்கையையும் மொழிபெயர்க்கச் சொல்லவில்லை. அறிக்கை கையைவிட்டுப் போகுமுன் அதிலுள்ளதை நோயாளியின் மொழியில் வாயால் சொல்லிவிடுங்கள், ஐந்து நிமிடமாகும்.

செலவு பற்றி அதிகம் எழுதத் தேவையில்லை. அறிக்கை கேட்பவர் கட்டணத்தைச் செலுத்தட்டும். ஒருநாள் சம்பளத்தையும் இழந்து வைத்தியரின் கட்டணத்தையும் கொடுத்து, தன்னைப் பற்றி நிறுவனத்துக்குத் தகவல் வாங்கிக் கொடுக்கும் கடமை ஊழியருக்கு இல்லை.

இந்தப் போக்குவரத்து ஒருவழிப் பாதையாக இருப்பதால் நேரும் இன்னொரு இழப்பைப் பற்றித்தான் இளைப்பாறிய பின்பு நான் அதிகம் யோசிக்கிறேன். தொழிலகம் வைத்தியரிடம் கேட்கிறது, வைத்தியருக்குத் தொழிலகம் எதையும் சொல்வதில்லை. மாத்தூசு சுவாசிப்பவருக்கு வரும் முட்டு, வேலை நாட்களில் கூடி, நீண்ட விடுமுறையில் வீட்டிலிருக்கும்போது குறையும். அந்தக் கோலத்தைக் கண்டுபிடிக்கத் தேவையானது ஒரே கேள்வி: பெருநாள் லீவில் உங்களுக்கு எப்படி இருந்தது? என்ன வேலை என்று கேட்காமல் இன்ஹேலரை மட்டும் எழுதிக் கொடுத்தால் அந்த நோய் வருடக்கணக்கில் தொழில்சார் நோயென்று அடையாளம் பெறாமலே போகும். ஈரச் சீமெந்தில் கைவைக்கும் மேசன்மாருக்கு வரும் தோல் வெடிப்பும் அப்படித்தான். அதற்கு ஒரு காரணம் சீமெந்திலுள்ள ஆறு வலுவளவுக் குரோமியம் என்பதால், ஐரோப்பிய ஒன்றியத்தில் 2005 தொடக்கம் நீரில் கரையும் அதன் அளவு பத்து இலட்சத்தில் 2 பங்குக்கு மேற்படக்கூடாது என்று வரையறுத்திருக்கிறார்கள். நம்மிடம் அந்த மேசன் சொறிக்குக் களிம்பு வாங்கிப் பூசிக்கொண்டிருக்கிறார். தொழிற்சாலைகள் பற்றிய 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், சில தொழில்சார் நோய்களைக் காணும் வைத்தியர் அறிவிக்கவேண்டும் என்கிறது. 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் தொழில்சார் நோய்களுக்கும் நட்டஈடு தருகிறது. ஆனால் நோயை வேலையோடு இணைத்து எழுதிய ஒரு தாள் இல்லாவிட்டால் அந்த இரண்டு சட்டங்களும் ஊழியரின் வாசலுக்கு வருவதில்லை. அவரை வேலையிலிருந்து இறக்குவதற்கு விரைந்து எழுதப்படும் அறிக்கை, அவருக்குச் சேரவேண்டியதைப் பெற்றுத்தருவதற்கு எழுதப்பட்டதை என் காலத்தில் நான் இரண்டு தடவைதான் பார்த்தேன்.

சொந்தமாக வருகை வைத்தியரை வைத்திருக்கும் பெரிய நிறுவனங்களுக்கு ஒரு வழி எளிது. குடும்ப வைத்தியரின் அறிக்கை அந்த வைத்தியரின் கைக்கு மட்டும் ஒட்டிய உறையில் போகட்டும். அவர் அதை வாசித்து, செய்யலாம், மாற்றத்தோடு செய்யலாம், இப்போதைக்கு வேண்டாம் என்ற மூன்றில் ஒன்றை மட்டும் ஆளணிப் பிரிவுக்குத் தரட்டும். அப்படியொருவர் இல்லாத சிறிய தொழிலகங்கள், அந்த மூன்றில் ஒன்றைக் குடும்ப வைத்தியரிடமே நேரடியாகக் கேட்கட்டும், அதற்கு மேல் ஒரு சொல்லும் கோவைக்கு வேண்டாம்.

நான் எழுதிய அந்த மாதிரிக் கடிதம் வேறு இடங்களுக்கும் பரவியிருக்கிறது. களஞ்சியத்திலிருந்து விலகிப் போன எழுதுவினைஞர்கள் அதைத் தம்மோடு எடுத்துச் சென்றார்கள். சென்ற வருடம் என் மருமகன் வேறொரு நிறுவனத்திலிருந்து கொண்டுவந்த கடிதத்தில் என் வாக்கியம் ஒரு சொல்லும் மாறாமல் இருந்தது. ஆகவே அதை வெட்டிவிட்டு, அதன் இடத்தில் பின்வருவதைச் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன். சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் இதை ஆக்கித்தர ஆள் இல்லாதவர்களுக்கு நான் உதவுவேன்.

'இவர் செய்யும் வேலையின் விவரம் பின்னால் இணைக்கப்பட்டுள்ளது. இவர் இக்கடிதத்தை வாசித்து, தமது மொழியில் கையொப்பமிட்டுள்ளார். இவ்வேலையை இவர் இப்போது செய்யலாமா, மாற்றம் ஏதும் வேண்டுமா, வேண்டுமெனில் எத்திகதிவரை என்பதை மட்டும் தெரிவிக்கவும். நோயின் பெயரையோ முன்னைய சிகிச்சையையோ குறிப்பிட வேண்டாம். தங்கள் பதிலை அனுப்புமுன் இவரிடம் காட்டவும். கட்டணத்தை நிறுவனம் செலுத்தும்.'

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற ஆளணிப் பிரிவு எழுதுவினைஞர் ஒருவர்,
திருகோணமலை.